முகநூலின் சுயவிவரப் பூட்டும் அது எட்டாத இடங்களும்

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. 2011ஆம் ஆண்டிலிருந்து முகநூலில் கணக்கு வைத்திருக்கிறார். நானூற்றுக்கும் மேற்பட்ட நண்பர்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். சில வாரங்களுக்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஏம்மா, என் பக்கத்தை ஊரு உலகம் எல்லாம் பார்க்க முடியுமாமே. அதுக்கு ஏதோ பூட்டு இருக்காமே, வந்து போட்டுக் குடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பூட்டைப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நாங்கள் எழுந்தபோது மாலை நான்கு மணி ஆகியிருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கும் மீதி ஆறு மணி நேரத்துக்கும் இடையே முகநூலின் தனியுரிமை அமைப்புகளைப் பற்றி நான் புரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டு நல்ல பூட்டுதான். குடும்பத்தையும் பழைய நண்பர்களையும் பார்ப்பதற்காக மட்டும் முகநூலுக்கு வருகிறவர்கள் எவரும் அதைப் போடாமல் இருக்கக் காரணமே இல்லை. ஆனால் அது நாம் நம் பக்கத்தில் வைத்ததை மட்டுமே காக்கிறது. நம்மைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி நம் பக்கத்தில் இல்லை. நண்பர்களின் பக்கங்களில், அவர்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருக்கும் எண்களில், நாம் எங்கோ போய் எழுதிவிட்டு மறந்த பின்னூட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்காதவரை வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

இந்தப் பூட்டு இந்தியப் பயனர்களை மனத்தில் வைத்தே வந்தது. 2017 ஜூன் மாதம் முகநூல் நிறுவனம் முகப்படக் காவல் என்ற வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதைப் போட்டுக்கொண்டால் முகப்படத்தைப் பிறர் தரவிறக்கவோ பகிரவோ முடியாது. படத்தைச் சுற்றி நீலக் கரையும் அடியில் சிறு கேடயக் குறியும் தெரியும். தங்கள் படத்தை யாரேனும் எடுத்துத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தால் இந்தியப் பெண்கள் பலர் முகம் தெரியும் படத்தை வைப்பதே இல்லை என்பதை நிறுவனம் அப்போது காரணமாகச் சொன்னது. தாமரைப் பூவையும் பிள்ளையாரையும் முகப்படமாக வைத்திருக்கும் சித்திகளையும் அக்காக்களையும் அறிந்த நமக்கு அந்தக் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதன் அடுத்த படியாக 2020 மே மாதத்தில் முழுச் சுயவிவரத்தையும் பூட்டும் வசதி இந்தியாவுக்கு வந்தது.

சுயவிவரப் பக்கத்தில் பெயருக்குக் கீழே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும் பட்டியலில் பூட்டு இருக்கிறது. அதைப் போட்டதும் ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடக்கின்றன. பதிவுகளும் படங்களும் நண்பர்களுக்கு மட்டுமே தெரியும். முகப்படத்தையும் அட்டைப் படத்தையும் அந்நியர் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. முன்பு 'பொது' என்று போட்டிருந்த பழைய பதிவுகள் எல்லாம் 'நண்பர்கள்' என்று மாறிவிடும். பிறர் நம்மைக் குறியிட்டு (டேக் செய்து) போடும் பதிவு, நாம் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் நம் பக்கத்தில் ஏறும். பூட்டு இருக்கும்வரை தவறிக்கூடப் பொதுப் பதிவு போட முடியாது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம். பதிவு போடும்போது பார்வையாளர் யார் என்று ஒவ்வொரு முறையும் கவனிப்பது இளையவர்களுக்கே கைவராத பழக்கம். அறுபது வயதைத் தாண்டியவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. 2014 மே மாதத்துக்கு முன் முகநூலில் சேர்ந்தவர்களுக்கு முதல் பதிவின் இயல்பு நிலையே 'பொது' என்றுதான் இருந்தது. அந்த மாதத்தில்தான் நிறுவனம் அதைப் புதியவர்களுக்கு 'நண்பர்கள்' என்று மாற்றியது. 2011இல் சேர்ந்த அத்தையின் பழைய பதிவுகள், பேரனின் பெயர் சூட்டு விழாவிலிருந்து புது வீட்டுப் பால் காய்ச்சிய படம் வரை, அத்தனையும் உலகத்துக்கே திறந்து கிடந்தன. அவற்றை ஒரே தொடுதலில் உள்ளே இழுத்துக்கொண்டதற்காகவே இந்த வசதிக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

பூட்டிய பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைபேசியை வாங்கிப் பார்த்தோம். அவர் அத்தையின் நண்பர் பட்டியலில் இல்லை. பெயரும் சிறிய முகப்படமும் தெரிந்தன. பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் பூட்டுப் படமும் ஒரு வரி அறிவிப்பும் இருந்தன. அத்தை நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். காப்பி போடப் போவதற்காக அவர் எழுந்தபோது, நண்பர் பட்டியலை இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லி நான்தான் மறுபடி உட்கார வைத்தேன்.

நண்பர் பட்டியலுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. 'உங்கள் நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம்' என்ற அந்தக் கேள்வி, பூட்டு இருக்கும் பக்கத்தில் இல்லை. அமைப்புகளுக்குள் போய், பிறர் நம்மை எப்படிக் கண்டறிந்து தொடர்புகொள்கிறார்கள் என்ற பிரிவைத் திறந்தால்தான் கண்ணில் படும். என்னைக் கேட்டால் முகநூலில் உள்ள அத்தனை அமைப்புகளிலும் இதுவே முதன்மையானது. போலிக் கணக்கு மோசடி எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கும். ஒருவரின் பெயரையும் முகப்படத்தையும் எடுத்து அதே போல இன்னொரு கணக்கைத் தொடங்குவது எளிது. ஆனால் அதை வைத்து யாரிடம் பணம் கேட்பது? அதற்கு அவருடைய நண்பர்கள் யார் யார் என்று தெரிய வேண்டும். பட்டியல் திறந்திருந்தால் அதிலுள்ள ஒவ்வொருவருக்கும் நட்பு அழைப்பு போகும். "பழைய கணக்கு வேலை செய்யவில்லை, இதில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்ற ஒரு வரியும் கூடவே வரும். இரண்டு நாள் கழித்து மெசஞ்சரில், மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரமாகப் பத்தாயிரம் ரூபாய் அனுப்ப முடியுமா என்ற கோரிக்கை வரும். தமிழ்நாட்டில் காவல்துறை அதிகாரிகளின் பெயரிலும் மாவட்ட ஆட்சியர்களின் பெயரிலும்கூட இப்படிப் போலிக் கணக்குகள் தொடங்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். இருநூறு முன்னாள் மாணவர்கள் 'டீச்சர்' என்று அழைக்கும் ஒருவரின் பெயரில் அப்படி ஒரு கோரிக்கை போனால் எத்தனை பேர் யோசிக்காமல் அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குக் கலக்கமாக இருந்தது. அத்தையின் பட்டியலை 'நான் மட்டும்' என்று மாற்றினோம். பட்டியலை மறைத்தாலும், நம்மோடு ஒருவருக்குப் பொதுவான நண்பர்கள் இருந்தால் அவர்கள் தெரியவே செய்வார்கள். தம் பட்டியலைத் திறந்து வைத்திருக்கும் நண்பரின் பக்கத்தில் நம் பெயரும் இருக்கும். ஆகவே இது முழு மறைப்பு அல்ல. ஆயினும் நானூறு பெயர்களை ஒரே இடத்தில் அள்ளிக்கொள்ளும் வசதியை இது அடைத்துவிடுகிறது.

இந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறும் உண்டு. 2009 டிசம்பரில் முகநூல் தன் தனியுரிமை முறையை மாற்றியபோது, நண்பர் பட்டியல் போன்ற, பயனர்கள் தனிப்பட்டது என்று வைத்திருந்திருக்கக்கூடிய சில விவரங்கள் பொதுவில் தெரியும்படி ஆகிவிட்டன. முன்கூட்டி எச்சரிக்காமலும் சம்மதம் கேட்காமலும் அப்படிச் செய்தது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2011இல் அந்த நிறுவனத்தின் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரச உத்தரவை மீறியதாகச் சொல்லி அதே ஆணையம் 2019 ஜூலையில் 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் இன்று நம் கையில் கொடுத்திருக்கும் இத்தனை பொத்தான்களும் அதன் பெருந்தன்மையால் மட்டும் வந்தவை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நண்பர்களின் வழியே நம் விவரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, அரசியல் ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா முகநூல் பயனர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டதாக 2018இல் வெளிவந்த விவகாரத்தின் இந்தியக் கணக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. அவர்களும் அவர்களின் நண்பர்களுமாகச் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர் என்று முகநூல் நிறுவனமே அப்போது அறிவித்தது. உலகம் முழுவதும் அந்த எண்ணிக்கை 8.7 கோடி வரை என்று சொன்னது. அந்த ஐந்தரை லட்சம் பேரில் மிகப் பெரும்பாலானோர் எதையும் நிறுவவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. நண்பர் ஒருவர் ஒரு விளையாட்டுக் கேள்விக்கு விடை சொன்னார், அவ்வளவுதான். நண்பர்களின் விவரத்தை அப்படிச் செயலிகள் அள்ளும் வழி, இந்த விவகாரம் வெளிவருவதற்கு முன்பே, 2015இல் பெரும்பாலும் அடைக்கப்பட்டது. ஆனால் நாமே அனுமதி கொடுத்த செயலிகளின் பட்டியல் இன்றும் அமைப்புகளுக்குள் இருக்கிறது. அத்தையின் கணக்கில், 'போன பிறவியில் நீங்கள் யார்' என்பது போன்ற பழைய விளையாட்டுகள் உட்பட பதினொரு செயலிகள் இருந்தன. பத்தை நீக்கினோம். மிச்சம் இருக்கும் ஒன்று அவர் தினமும் விளையாடும் சொல் விளையாட்டு. அதை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தொலைபேசி எண் அடுத்தது. நம் எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்து யார் நம்மைத் தேடலாம் என்ற அமைப்பு பொதுவாக 'எல்லோரும்' என்ற நிலையில்தான் இருக்கும். அதை 'நான் மட்டும்' என்று மாற்றலாம், மாற்ற வேண்டும். எண்ணைக் கொண்டு கணக்கைக் கண்டுபிடிக்கும் இந்த ஏற்பாட்டைத் தவறாகப் பயன்படுத்தித் திரட்டப்பட்ட 53.3 கோடி பேரின் விவரங்கள் 2021 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. நம் எண்ணை நாம் கொடுக்காவிட்டாலும், நம் எண்ணைச் சேமித்திருக்கும் யாரேனும் தம் தொடர்புகளை முகநூலில் ஏற்றினால் அது அங்கே போய்ச் சேரும். இந்த இடத்தில் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுதான்: நம் கைபேசியிலிருந்து தொடர்புகள் ஏறாமல் நிறுத்தி, மற்றவர்களுக்கு அந்தத் தொல்லையை நாம் கொடுக்காமல் இருக்கலாம். அத்தையின் கைபேசியில் அது இயங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தி, ஏற்கெனவே ஏறியவற்றையும் அழித்தோம்.

பிற்பகலில் அதிக நேரம் எடுத்தது செயல்பாட்டுப் பதிவேடுதான். நாம் போட்ட ஒவ்வொரு பின்னூட்டமும் ஒவ்வொரு விருப்பக் குறியும் ஆண்டுவாரியாக அதில் இருக்கும். இதை முகநூலின் மிகப் பயனுள்ள, மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் கருவி என்பேன். பிறர் பக்கத்தில் நாம் எழுதும் பின்னூட்டத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தப் பதிவைப் போட்டவரே முடிவு செய்கிறார். நம் பூட்டுக்கு அங்கே வேலை இல்லை. 2021ஆம் ஆண்டைத் திறந்தபோது, நேரலையில் சேலை விற்கும் ஒரு பக்கத்தின் காணொளிக்குக் கீழே அத்தை எழுதியிருந்தது கிடைத்தது. "மாம்பழக் கலர், பச்சை பார்டர், ஒன்று வேண்டும்" என்று தொடங்கி, கைபேசி எண், கதவு எண், தெருப் பெயர், அஞ்சல் குறியீட்டு எண் வரை எல்லாம் அதில் இருந்தன. கேட்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று பார்த்து அவரும் எழுதியிருக்கிறார். அதைப் போல ஒன்பது பின்னூட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக அழித்தோம். சேலை வந்ததா என்று கேட்டேன். வந்ததாம், இப்போதும் கட்டுகிறாராம். இரங்கல் செய்திகளுக்குக் கீழே எழுதிய ஆறுதல் வார்த்தைகள், கோயில் பக்கங்களில் பேரனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லிக் கேட்ட அர்ச்சனைகள், பொதுக் குழு ஒன்றில் மூட்டு வலிக்கு மருந்து விசாரித்த பதிவு ஆகிய எல்லாவற்றையும் பார்த்தோம். சிலவற்றை அவரே வேண்டாம் என்றார். சிலவற்றை இருக்கட்டும் என்றார். அந்தத் தேர்வை அவரிடமே விட்டேன். தனியுரிமை என்பது எல்லாவற்றையும் மறைப்பது என்று நான் எண்ணவில்லை. எது யாருக்குத் தெரியலாம் என்று முடிவு செய்கிறவர் நாமாக இருப்பதுதான். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, தன்னைப் பற்றிய தகவலின் மீது ஒருவருக்கு உள்ள கட்டுப்பாட்டையும் அந்த உரிமையின் ஒரு கூறாகவே கண்டார்கள்.

குறியிடல் பற்றி ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். இது முகநூலின் மீதான புகார் அன்று. எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றுக்குப் படம் எடுத்த ஒரு புகைப்பட நிலையம், எங்களில் யாரையும் கேட்காமல் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தன் விளம்பரத்துக்காகப் பொதுவில் போட்டு, தெரிந்தவர்களை எல்லாம் குறியிட்டிருந்தது. குறிச்சொல் மறுபரிசீலனை இருந்ததால் அத்தையின் பக்கத்தில் அவை ஏறவில்லை. குறியையும் நீக்கினோம். ஆனால் படங்கள் அந்த நிலையத்தின் பக்கத்தில் அப்படியே இருந்தன; மறுபரிசீலனை என்பது நம் சுவரில் ஒட்டாமல் தடுக்குமே தவிர அடுத்தவர் சுவரில் ஒட்டியதைக் கிழிக்காது. நான் தொலைபேசியில் பேசி, குழந்தைகள் இருக்கும் படங்களை மட்டுமாவது எடுத்துவிடும்படி கேட்ட பிறகு சிலவற்றை எடுத்தார்கள். இந்த அமைப்புகளோடு இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: நாம் குறியிடப்பட்ட பதிவை, பதிவிட்டவர் தேர்ந்தவர்களைத் தவிர நம் நண்பர்களும் பார்க்கும்படி முகநூல் விரித்துக்கொடுக்கும். அதை 'நான் மட்டும்' என்று வைத்தால் அந்த விரிவு நின்றுவிடும்.

எந்தப் பொத்தானும் செய்ய முடியாத வேலையும் உண்டு. அத்தையின் அட்டைப் படத்தில் பேரன் பள்ளிச் சீருடையில் வாசற்படியில் நிற்கிறான். பெரிதாக்கினால் சட்டைப் பையின் மேல் பள்ளியின் சின்னமும், பின்னால் சுவரில் மாமாவின் பெயர்ப்பலகையும், ஓரத்தில் வண்டியின் பதிவெண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. பூட்டிய கணக்கில் அந்நியர் அதைப் பெரிதாக்க முடியாது என்பது சரிதான். ஆனால் நானூறு நண்பர்களும் பார்க்கலாம், அவர்களில் பாதிப் பேரின் முகமே அத்தைக்கு நினைவில்லை. அந்தப் படத்தை மாற்ற அவர் உடனே சம்மதித்தார். நண்பர் பட்டியலைக் குறைக்கத்தான் சம்மதிக்கவில்லை. "என்கிட்ட படிச்ச புள்ளைங்கம்மா, நானா எப்படி வெட்டி விடுறது?" என்று கேட்டார். நான் வற்புறுத்தவில்லை. குடும்பப் படங்களுக்கு மட்டும் குறிப்பிட்ட சிலரைத் தேர்ந்து பகிரும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாம் முறை அவரே செய்தார்.

இதுவரை சொன்ன அமைப்புகள் எல்லாம் மனிதர்களிடமிருந்து நம்மைக் காப்பவை. நிறுவனத்திடமிருந்து காப்பவை மிகச் சிலவே. அவையும் ஆழத்தில் இருக்கின்றன. நாம் வெளியில் பயன்படுத்தும் பல செயலிகளும் கடைகளின் இணையதளங்களும் நாம் என்ன பார்த்தோம், என்ன வாங்கினோம் என்பதை மெட்டாவுக்கு அனுப்புகின்றன. கணக்கு மையத்துக்குள் போனால் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம், பழையதை அழிக்கலாம், இனிமேல் வருவதை நம் கணக்கோடு இணைக்காமல் துண்டிக்கலாம். அதனால் விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது. நேற்றுப் பார்த்த மிக்சி இன்று முகநூலில் வந்து நிற்பதுதான் குறையும். பூட்டு போட்டால் விளம்பர நிறுவனங்களுக்கும் தெரியாது என்று அத்தை நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பூட்டு போடும் திரையில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம்.

இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய குறை அமைப்புகளின் இருப்பிடம்தான். பூட்டு ஓரிடம், நண்பர் பட்டியல் ஓரிடம், குறியிடல் ஓரிடம், விளம்பரமும் வெளிச்செயல்பாடும் கணக்கு மையம் என்ற மற்றோர் இடம். ஆண்டுக்கு ஆண்டு பெயர்களும் இடங்களும் மாறுகின்றன. இன்று ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்த வழி இரண்டு வருடம் கழித்து அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தனியுரிமைச் சரிபார்ப்பு என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. படிப்படியாகக் கேள்வி கேட்டு அழைத்துச் செல்கிறது, தொடங்குகிறவர்களுக்கு நல்லதுதான், ஆனால் மறந்துபோன பின்னூட்டங்களை அது காட்டுவதில்லை. இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றும் ஒரே பொத்தான், பதிவுகளோடு பின்தொடர்பவர் பட்டியலையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. அதே நிறுவனம் முகநூலிலும் அந்த அளவு தெளிவைக் கொண்டுவர முடியாது என்று நான் நம்பவில்லை.

பிறந்த நாளில் நாளும் மாதமும் நண்பர்களுக்கு, ஆண்டு 'நான் மட்டும்' என்று பிரித்து வைத்தோம். வங்கி பேசுவதாகச் சொல்லி அழைப்பவர்கள் முதலில் கேட்பது முழுப் பிறந்த தேதியைத்தான். கூகுள் போன்ற தேடுபொறிகள் சுயவிவரத்துக்கு இணைப்புக் காட்டுவதை நிறுத்தினோம். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினோம். அதற்குத் தொலைபேசி எண்ணைத் தராமல் குறியீடு தரும் செயலியைத் தேர்ந்தோம், ஏனெனில் பாதுகாப்புக்காகப் பயனர்கள் கொடுத்த எண்களை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது அமெரிக்க ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு வழக்கில் முகநூலின் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. போலிக் கணக்கு வழியே யாரேனும் பணத்தை இழந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அத்தையின் கைபேசியில் சேமித்துக் கொடுத்தேன்.

பழைய ஆசிரியை என்பதால் அத்தை இவை அத்தனையையும் நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். முடிந்ததற்கு எதிரே சிவப்பு மையில் டிக் அடித்தார். பதினான்காவது வரியில், நான் சொல்லாமல் அவரே எழுதியது, "மாமா கணக்கு" என்று இருந்தது. மாமா இறந்து நான்கு வருடம் ஆகிறது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாத அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது; ஒவ்வோர் ஆண்டும் அவருடைய பிறந்த நாளை முகநூல் நண்பர்களுக்கு நினைவூட்டுகிறது, விவரம் தெரியாதவர்கள் வாழ்த்தும் சொல்கிறார்கள். இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் அதை நினைவுக் கணக்காக மாற்றலாம், பிறகு யாரும் அதற்குள் நுழைய முடியாது, பிறந்த நாள் நினைவூட்டலும் வராது; குடும்பத்தார் விரும்பினால் முழுவதுமாக நீக்கவும் கேட்கலாம் என்று விளக்கினேன். தம் கணக்கைத் தமக்குப் பின் கவனிக்கும் 'வாரிசுத் தொடர்பு' என்ற இடத்தில் என்னைச் சேர்க்க அத்தை தயங்கவே இல்லை. அதற்கான வசதி 2015 முதல் இருக்கிறது, வாரிசுத் தொடர்பாக இருப்பவரால் நம் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மாமாவின் கணக்கைப் பற்றி மட்டும், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். நான் கிளம்பும்போது நோட்டு மேசை மேல் திறந்தபடி இருந்தது. பதினான்காவது வரிக்கு எதிரே டிக் இல்லை.